குதிரைக்குப் பின்னால் இருப்பது

ஒற்றைக் காய்களை விற்கிறான் சாப்ரியான்.
முழுப் பெட்டி கிடையாது. எவர் வீட்டிலோ
சோபாவுக்கு அடியில் போன யானைக்கு
இன்னொரு யானை.
நாய் கடித்துத் துப்பிய மந்திரிக்கு
அதே உயரத்தில், அதே பழுப்பில்
இன்னொரு மந்திரி.
பிளோவ்டிவ் நகரில், ஆறாவது மாடியில்,
எங்கள் சாப்பாட்டு மேசைதான் அவன் கடை.
நாங்கள் மடியில் தட்டு வைத்துச் சாப்பிடுகிறோம்.

முதல் படங்கள் சகிக்கவில்லை.
பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பின்மேல் ஒரு சிப்பாய்,
ரோஜாக்களுக்கு நடுவே வழி தவறியவன்போல்;
பக்கத்தில் ரொட்டித் துகள்.
"இரண்டில் எது விற்பனைக்கு?" என்று எழுதினார்
வார்சாவிலிருந்து ஒருவர்.

அன்றைக்குத் தொடங்கியது வேட்டை.
நாட்காட்டியைக் கிழித்தான். மார்ச் மாதத்தின் வெள்ளை முதுகை
ரொட்டிப் பெட்டியின் உச்சியில் ஒட்டி
மேசைவரை வழியவிட்டான், மடிப்பு விழாமல்.
"பார் வெனெட்டா, மூலையே இல்லை" என்றான்.
சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது,
தெரியவில்லை. நாற்பது சதுர மீட்டர் வீட்டில்
அவ்வளவு வெட்டவெளியை நான் பார்த்ததில்லை.

ஆனால் வெள்ளைக் காய் வெள்ளையில் கரைந்தது.
ராணியின் கிரீடம் மட்டும் மிதந்தது,
பாலில் ஏடுபோல.
கறுப்புக்கு வெள்ளை சரி. வெள்ளைக்கு?
என் அலமாரி திறந்தது.

சாவுக்குப் போகும்போது போர்த்தும் கறுப்புச் சால்வை:
ஒவ்வொரு பிசிறும் வால்நட்சத்திரமாய் விழுந்தது.
நீலக் கோப்பு:
ராஜா குளிரில் விறைத்துப்போனார்.
பனிட்சா சுடும் தட்டு: கீறல்கள்,
கூடவே அவன் மூக்கு, தலைகீழாக.
பால் டப்பாவை வெட்டி, உள்ளிருந்த வெள்ளியால்
நிழலுக்குள் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய் ஊட்டினான்,
வாயைத் திறக்காத பிள்ளைக்கு ஊட்டுவதுபோல்.
அளவு தெரிய ஒரு சூரியகாந்தி விதை வைப்பான்.
படம் முடிந்ததும் தின்றுவிடுவான்.
"அடுப்பில் விரிக்கும் தாள் எங்கே?" என்று கேட்டேன்.
விளக்கின் முகத்தில் கட்டியிருந்தான்.
"வேலையில் இருக்கிறது" என்றான்.

கடைசியாக என் சாம்பல் பாவாடை.
தடித்த கம்பளி. புகையிலைக் கிடங்கில் கணக்கெழுதிய நாளில்
முதல் போனஸில் தைத்தது.
வெள்ளையும் அதில் நின்றது, கறுப்பும் நின்றது.
யாரோடும் சண்டைக்குப் போகாத நிறம்.
இரண்டு குளிர்காலமாக அது என்னுடையதல்ல.
ஆணியில் தொங்கிக்கொண்டு
எழுபது குதிரைகளுக்கு வானமாக இருந்தது.

மூடுபனி மூன்று மணிக்கே வெளிச்சத்தை விழுங்கிய
ஜனவரி நாளொன்றில் கடிதம் வந்தது, லிஸ்பனிலிருந்து.
அவன் உரக்கப் படித்தான்:
"குதிரை வேண்டாம்.
குதிரைக்குப் பின்னால் இருப்பது என்ன விலை?"

சிரித்தான். நானும் சிரித்தேன்.
பிறகு எழுந்து போய்
ஆணியிலிருந்து அதை எடுத்து உதறினேன்.
மெழுகு. பசை. இடுப்பில் கிளிப்பின் பல் தடம்.
மூச்சை இழுத்து மாட்டினேன்.
கொக்கி கடைசிக் கண்ணியில்தான் விழுந்தது; விழுந்தது.

"இன்னும் ஒரே ஒரு குதிரை பாக்கி"
வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.
"உன் வானம் இப்போது நடக்கும்" என்றேன்.

முக்காலியை இழுத்து என் முன்னால் போட்டான்.
குதிரையை வைத்தான். ஒரு காது உடைந்தது.
உடைந்த காதையே முன்பக்கம் திருப்பினான்,
அந்த விஷயத்தில் மட்டும் நேர்மையானவன்.
ஜன்னல் பக்கம் அரை அடி. இன்னும். போதும்.
"மூச்சு விடாதே."

கீழே யாரோ உறைந்த காரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.
பிடரிக்குப் பின்னால் நான் நின்றேன்,
சாம்பலாய், மூலையில்லாமல்,
ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு.

பிறகு பீன்ஸ் பொங்கும் வாசனை வந்தது.
இறக்கப் போனேன்.