நாலு நாள் மழை

மச்சான் பேர் மலைச்சாமி.
குலசாமிக்கு நேர்ந்து வைத்த பேர், வேறொன்றுமில்லை.
சின்னப்பாலத்தில் மணல்மேடுதான் உயரம்.
அதற்கு மேல் உயரமாய் அவர் கண்டது
பாம்பன் கலங்கரை விளக்கும்
படகுக்கு வழிவிட எழும் பாலமும்.

ஆடிக்காற்றில் படகெல்லாம் கரையில் கிடந்தது.
வடக்கே முறுக்கு அடுப்புக்கு ஆள் கேட்டார்கள்.
அக்கா வழியனுப்பும்போது,
"பாலம் தாண்டுற வரைக்கும்
சாமிய நெனச்சுக்கிட்டே போங்க" என்றாள்.
தனுஷ்கோடியில் ரயிலைக் கடல் கொண்டதைக் கேட்டு
வளர்ந்தவர்கள் நாங்கள்.
ரயிலுக்கு எதிரி தண்ணீர் என்றுதான் தெரியும்.
மண்டபம் வந்ததும் போன் போட்டார்:
"தாண்டியாச்சு முத்திருளாயி.
இனிமே தரைதான்."

மூன்றாம் நாள் ராத்திரி இன்னொரு போன்.
சிக்னல் விழாமல் வண்டி நிற்கிறதாம்,
வெளியே மைபோல இருட்டாம்,
நாலு நாளாய் விடாத மழையாம்.
அக்கா அப்போதுதான் ஊற்றில் இறங்கி
சிரட்டையால் சேந்திச் சேந்தி
ஒரு குடம் கொண்டுவந்து இறக்கியிருந்தாள்.
குடத்துக்கு முக்கால் மணி நேரம்,
அதிலும் பாதி கலங்கல்.
சிரித்தபடிதான் சொன்னாள்:
"அங்க அம்புட்டுக் கொட்டிக் கெடக்குன்னா
கொஞ்சம் இங்கிட்டு அனுப்பி வையுங்க."
"பார்சல்ல போடுறேன்" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு.

நான் போனேன்.
அந்த ஊர்ப் பேர் இன்னமும் வாயில் நுழையவில்லை.
பள்ளிக்கூடத்து நடைவழியில்
வரிசையாய் வெள்ளைத்துணி, காலில் அட்டை.
முகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.
பார் கிழித்துக் கிழித்துத் தடித்த குதிகால்,
கடல்முள்ளி குத்தி உள்ளேயே தங்கிய கறுப்புப் புள்ளி.
ஐம்பத்தேழாம் எண்.
பக்கத்தில் ஐம்பத்தெட்டு, ஒரு பெண்,
பாதத்தில் மருதாணி.
நான் கிளம்பும்வரை
அவளைத் தேடி யாரும் வரவில்லை.

பிறகு மலையைப் பார்க்க நடந்தேன்.
யாரும் போகச் சொல்லவில்லை.
பாதி நின்றது.
பாதி தண்டவாளத்தின்மேல் கிடந்தது.
அறுந்த விளிம்பில் ஒரு மரம்,
வேர் அந்தரத்தில் தொங்க, பச்சைப்பசேலென்று.
ஒரு பெட்டியின் சன்னல் வழியாக
இன்னும் வழிந்துகொண்டிருந்தது மண்,
கேப்பைக்கூழ் மாதிரி, அவசரமில்லாமல்.

பதினாறு கழிந்து பாசி எடுக்கப் போனோம்.
படகில் பெண்கள் விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.
அக்கா கேட்டாள்: "மலை எப்படிடா இருந்துச்சு?"
எனக்குத் தெரிந்ததை வைத்துத்தானே சொல்ல முடியும்.
"அலை மாதிரி. அசையாம நிக்கிற அலை."
நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
"அலையின்னா சொல்லிட்டுல்ல வரும்?
நண்டு மேட்டுக்கு ஏறும்,
தண்ணி நெறம் மாறும்,
காத்து ஒரு மாதிரி திரும்பும்.
அது ஒண்ணுமே சொல்லலையா?"
சொல்லியிருக்கும்.
அந்தப் பாஷை தெரிந்தவர்
வண்டியில் யார் இருந்தார்கள்?
அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
குதித்துவிட்டாள்.
அன்றைக்கு மூச்சைக் கொஞ்சம் அதிகமாகவே
பிடித்தாள் என்று தோன்றியது.
எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் முதல் மழை.
தெருவே குடம், அண்டா, மீன்கூடை மேல் விரித்த தார்ப்பாய்
எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவந்தது.
அக்கா தன் குடங்களை
ஒவ்வொன்றாய்க் கவிழ்த்து வைத்தாள்.
ராத்திரி முழுக்க
அவள் வாசலில் மட்டும் மழை
பித்தளையைத் தட்டிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் என் அண்டாவிலிருந்து
ஒரு குடம் கொண்டுபோய் வைத்தேன்.
"ஊத்துத் தண்ணி" என்றேன்.
ஒரு வாய் குடித்தாள்.
ஊற்றுத் தண்ணீரில் எப்போதும் இருக்கும்
அந்தத் துளி உப்பு அதில் இல்லை.
என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
பிறகு இன்னொரு வாய் குடித்தாள்.