சல்வாவில் பால் ஊற்றிய நாள்

முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு
கச்சான் சரையோடு ரிப்பரில் ஏறினேன்.
மாரி மழை. வைப்பர் ஒரு பக்கம்தான் ஓடும்.
தொலைபேசியில்
இரண்டு வெள்ளை அங்கிகள்
விமானப் படியடியில் கட்டிக்கொண்டன.
எல்லை திறந்தாயிற்றாம்.
மூன்றரை வருடம்.

அந்த எல்லையில் நின்றவன் நான்.
சல்வா. நோன்பு மாதம். திங்கட்கிழமை விடிய
வானொலி எதையோ வேகமாக வாசித்தது.
எனக்கு விளங்கியது ஒரு சொல்:
சகோதரர்கள்.
பக்கத்து லொறிக்கார சாலிஹ், யெமன்காரன்,
உடனே இறங்கி
இரண்டு தண்ணீர்க் கேனையும் நிரப்பினான்.
"அந்தச் சொல் வந்தால் இதுதான் செய்யவேண்டும்" என்றான்.

அவனுக்குத் தெரியும்.
குவைத்துக்குள் டாங்கிகள் போன வருடம்
சனாவில் யாரோ கை தூக்காமல் விட்டதற்கு
ஜித்தாவில் அவன் தகப்பனின் ரொட்டிக் கடை
பாதி விலைக்குப் போனது.
லட்சக்கணக்கில் அனுப்பினார்கள்.
சாலிஹுக்கு அப்போது ஒன்பது வயது,
மடியில் தையல் மெசின்.

இப்போது அவன் ஊரில் குண்டு போடுவதும்
ஒரு சகோதரர்கள்தான்.
அதைப் பற்றி அவன் பேசவில்லை.
நானும் கேட்கவில்லை.
எங்கள் இயக்கங்களும்
அண்ணன் தம்பி என்றுதான் தொடங்கின.

கதவு மூடியது.
என் முதுகுக்குப் பின்னால் பதினெட்டுத் தொன் பால்,
குளிரூட்டி இரைந்தபடி.
தோகாவுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்.
அங்கே சாரம்கட்டும் வேலையில் என் மச்சான் கமலரூபன்.
அவனுக்கென்று மல்லாவியிலிருந்து
அக்காக்காரி வறுத்து இடித்து அனுப்பிய
ஒரு கிலோ மிளகாய்த்தூள்
டாஷ்போர்ட்டில், துவாய் சுற்றி.

மச்சான் மாலை அழைத்தான்:
"கடையில் சனம் பாலுக்கு அடிபடுது அண்ணை!
பெட்டி பெட்டியாத் தூக்கிறாங்கள்!"
சிரித்தோம். இருவரும். கனநேரம்.
தாண்டிக்குளத்தில்
பாணுக்குள் பென்ரோர்ச் பற்றறி ஒளித்து
சைக்கிள் உருட்டிய ஆளின் பிள்ளைகள் நாங்கள்.
சவர்க்காரத்தைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பான் சென்ரி.
மண்ணெண்ணெய்ப் போத்தலில்
உப்புக்கல் போட்டு விளக்கெரித்து
ஏழாம் வாய்ப்பாடு படித்தோம்.
இவர்களோ அடுத்த மாதமே
மாட்டை விமானத்தில் இறக்கினார்கள்.
மாட்டை. விமானத்தில்.
எங்களுக்கு விமானம் இறக்கியது வேறு.

ஆனாலும் சிரிப்பு நின்றுபோன இடம் ஒன்றிருக்கிறது.
ஒட்டகங்கள்.
இந்தப் பக்கம் மேய வந்த மற்றப் பக்கத்து ஒட்டகங்கள்,
ஆயிரக்கணக்கில்,
இரண்டு கம்பிவேலிக்கு நடுவே நின்றன.
வெயில் ஐம்பது.
சில படுத்தன, எழும்பவில்லை.
மாத்தளனுக்குப் போகும் வழியில்
கயிறறுத்து விட்ட எங்கள் சிவலைப் பசு
வண்டிலுக்குப் பின்னாலேயே வந்ததே,
அந்த முகம்.
நான் லொறிக்குள் ஏறிக் கண்ணாடியை உயர்த்தினேன்.

நான்காம் நாள் டீசல் முடிந்தது.
கொம்பனி சொன்னது: கொட்டு.
வால்வைத் திறந்தேன்.
மணல் ஒரு நொடி வெள்ளையாயிற்று,
பிறகு மணலாயிற்று.
சாலிஹ் ஏதோ ஓதினான்.
பால் ஊற்றுவது எங்கள் வழக்கத்தில் என்னவென்று
அவனுக்கு நான் சொல்லவில்லை.

பிறகு கூலி பாக்கி, வழக்கு, விசா, ஊர்.
மச்சான் அங்கேயே நின்று
உலகக் கிண்ணத்துக்கு மைதானம் கட்டுகிறான்.
மிளகாய்த்தூள் என்னோடே திரும்பி வந்தது.
குடிவரவு அதிகாரி மணந்து பார்த்துத் தும்மினான்.

இன்று கட்டிப்பிடித்தவர்கள் ஏன் பிரிந்தார்கள்,
ஏன் சேர்ந்தார்கள்,
செய்தியில் இரண்டுக்கும் காரணம் சொல்லவில்லை.
வாசித்த பெண் அந்தச் சொல்லை மட்டும்
நான்கு தரம் சொன்னாள்.

மாங்குளம் சந்தியில் பெற்றோல் செட்.
இறங்கினேன்.
தண்ணீர்க் கேன் பாதிதான் இருந்தது.
நிரப்பினேன்.