தண்ணி காட்டிய செடி

ஆறாயிரம் லீற்றரோடு
விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டால்
கடைசிக் குடம் நிரம்ப மத்தியானம் ஆகிவிடும்.
ஆடி முடியுமுன்னே கிணறுகள் அடி காட்டும் ஊர்.
பவுசரின் ஹோர்ன் கேட்டால்
வாளி, பரல், கான், பழைய பெயின்ற் பேணி
எல்லாம் றோட்டுக்கு ஓடிவரும்,
பின்னால்தான் ஆட்கள்.

நாலாவது தரிப்பு, புதுமுறிப்புக் கோடி.
தவமலரின் வேலியில் மட்டும்
கலியாணப் பந்தலைக் கழற்ற மறந்ததுபோல
ஒரு கடதாசிப்பூ.
"உதுக்கு எவ்வளவு ஊத்துறியள்?" என்றேன்.
"உதுக்கோ? ஒண்டுமில்லை.
முகம் கழுவுற தண்ணியும் கத்தரிக்குத்தான்."
சொல்லிக்கொண்டே கத்தியை எடுத்து
பென்சில் தடிப்பில் ஒரு கொப்பைச்
சரிவாய் வெட்டித் தந்தாள்.
முள்தான் முதலில் கைகுலுக்கியது.

வீட்டுத்திட்டக் காசு முடிந்த இடத்தில்
பூச்சும் நின்றுபோன சுவர் எங்களுடையது.
அதன் மேற்கில், வெயில் நேரே அறைகிற மூலை.
ஆற்று மணல், கொஞ்சம் எரு, ஆட்டுக்கு எட்டாமல் வலை.
பத்தாம் நாள் இலையெல்லாம் கொட்டிப் பயம் காட்டி
இருபத்திரண்டாம் நாள்
கணுவில் எலிப்பல் போல ஒரு தளிர்.

தண்ணிக்காரன் வீட்டுச் செடி அல்லவா.
குழாயில் மிஞ்சுகிற கடைசி வாளியை
ஒருநாளும் தவறாமல் அதற்கே ஊற்றினேன்.
அது இலை போட்டது.
இலைமேல் இலை போட்டது.
யன்னலை மூடியது, உடுப்புக் கொடியைப் பிடித்தது,
மகளின் பள்ளிக்கூடச் சட்டையைக் கிழித்தது.
இரண்டு வருசம்.
ஒரு பூ?
மூச்.
"கீரை இனமாக்கும், வறை வறுப்பமோ"
என்றாள் சுகிர்தா.

பிறகு அந்தப் பொல்லாத வருசம்.
ஆவணியில் குளத்தின் நடுவில்
பெடியள் கிரிக்கெட் அடித்தார்கள்.
என்னைத் துணுக்காய்ப் பக்கம் போட்டார்கள்,
முப்பத்தெட்டு நாள், பவுசருக்குள்ளேயே படுக்கை.
வீட்டில் சுகிர்தா
பிள்ளைக்கு, பானைக்கு, இரண்டு கோழிக்கு
எண்ணி எண்ணி வார்த்தாள்.
செடியை மறந்தே போனாள்.

திரும்பி வந்த பின்னேரம்
வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன்.
சுவரே தெரியவில்லை.
இலை பாதி உதிர்ந்த கொப்புகளில் நுனிவரைக்கும்
பீற்றூட் அரிந்த கையின் நிறம்.
கிட்டப் போய்ப் பார்த்தேன்.
நிறமெல்லாம் இலை போட்ட வேஷம்.
உள்ளே, அரிசிக் குறுணி அளவில்
மூன்று வெள்ளைப் பொட்டு,
பூ அதுதான்.
இவ்வளவு நாளும் என் வாளிதான்
அதன் வாயைப் பொத்தி வைத்திருக்கிறது.
தண்ணிக்காரனுக்கே தண்ணி காட்டிவிட்டது.

போன கிழமை ஒரு திட்டக்காரர் வந்தார்,
கழுத்தில் அட்டை, கையில் கமரா.
"பாத்தீங்களா, வரட்சியிலதான் பூக்குது,
வன்னிச் சனம் மாதிரி" என்றார்.
நான் சிரிப்பேன் என்று காத்து நின்றார்.

ஐயா, செடிக்கு அது சரி.
நான் இருபது நிமிசம் பிந்திப் போன நாளில்
நாலாவது தரிப்பில் நின்ற முகங்களைப் பார்த்தவன்.
ஒருத்தரும் பூத்திருக்கவில்லை.
ஒரு பொடியன் வெறும் பரலுக்குள் தலையை விட்டு
தன் பெயரையே கூப்பிட்டுக்கொண்டு நின்றான்.
படத்தை எடுங்கோ.
அந்த வசனத்தை மட்டும் எழுதாதையுங்கோ.

இப்போது பூ முடிய
ஒவ்வொரு கொப்பிலும் மூன்றிலொன்று வெட்டுகிறேன்.
நல்லதாய் ஏழெட்டை
ஈரச் சாக்கில் சுற்றி முன் சீற்றில் வைத்துப் போகிறேன்.
தரிப்பில் முதலில் தண்ணி,
குடம் வழிகிற வரைக்கும்.
பிறகுதான் கொப்பு.
"இதுக்கு எவ்வளவு ஊத்தவேணும்?"
"உதுக்கோ?" என்கிறேன், தவமலரின் குரலில்.

கடைசி வாளி இப்போது கத்தரிக்கு.
செடி என்னைத் தேடுவதில்லை.
நானும் வாளியோடு
அந்தப் பக்கம் போவதில்லை.