316ஆம் அறைக்கு வரப்போகும் உனக்கு

அலுமாரியின் மேல்தட்டில், உட்பக்கமாக,
டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போகிறேன் இதை.
இப்போது நீ பன்னிரண்டாம் வகுப்பில் எங்கோ இருப்பாய்,
அனுமதிக் கடிதம் வந்துவிட்டதா என்று
நாளுக்கு நாற்பது தரம் போனைத் திறந்துகொண்டு.
உனக்குத் தமிழ் வாசிக்க வருமோ தெரியாது.
ஆங்கிலத்தில் எழுதினால்
வெட்கத்தில் பாதியைப் பொய்யாக்கிவிடுவேன்.
வாசிக்க வராவிட்டால் யாரையாவது கேள்.
கேட்கத்தான் எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

ஹீற்றர் சத்தம் போடும்.
டக், டக், பிறகு நீளமாய் ஒரு பெருமூச்சு.
யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று
முதல் கிழமை மூன்று முறை எழுந்து போய்த் திறந்தேன்.
தாழ்வாரம் வெறுமை.
செப்டம்பரில் ஒருவரும் வந்து தட்டமாட்டார்கள்,
எல்லோரும் உள்ளே இருந்து காது கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.
317இல் இருந்த பிரியானா
அதே கிழமை அதே சத்தத்துக்குத் தானும்
கதவு திறந்து பார்த்ததாகச் சொன்னாள்,
மார்ச் மாதத்தில்.

பள்ளிக்கூடத்தில் நான் தொண்ணூற்றாறு.
ஒக்டோபரில் கல்குலஸ் தாள் திரும்பி வந்தது: முப்பத்தெட்டு.
எண்பத்துமூன்றைத்தான் மாற்றி எழுதிவிட்டார்கள் என்று
சத்தியமாய் நம்பினேன், ஒரு முழுப் பகல்.
ஸ்காபரோவிலிருந்து அம்மாவின் அழைப்பு.
"சோதனை எப்படி?"
"பரவாயில்லை."
"சாப்பிட்டியா?"
"ஓம்."
இரண்டும் பொய்.
இரண்டாவதை மட்டும் அவர் கண்டுபிடித்தார்.

பேராசிரியர் அறை செவ்வாய்தோறும்
இரண்டு முதல் நாலு வரை திறந்திருக்கும்.
மூன்று செவ்வாய்கள் அந்த வாசலைத் தாண்டித்
தண்ணீர் குடிக்கப் போனேன், தாகமே இல்லாமல்.
நாலாவது செவ்வாய் அவர் தலையை நீட்டிக் கேட்டார்:
"உனக்கு வேண்டியது தண்ணீரா, வகையீடா?"
விளங்கவில்லை என்று சொல்ல
பதினெட்டு வயது வரைக்கும் வாய் வந்ததில்லை எனக்கு.
சொல்லிப் பார்த்தால் ஒற்றைச் சொல்.

மண்டபத்தில் மேசை போட்டு இலவசமாய்ப் பீட்சா தருவார்கள்.
பீட்சாவைச் சாப்பிடு.
கிரெடிட் கார்ட் படிவத்தில் கையெழுத்துப் போடாதே.
அந்த ஒரு துண்டுக்கு நான் இன்னும் வட்டி கட்டுகிறேன்.

பொதுக் குசினியில் செத்தல் மிளகாய் தாளிக்காதே.
நவம்பர், இரவு ஒன்றரை, தீயணைப்பு மணி அலறி
இருநூறு பேர் பைஜாமாவோடு பனிக்குள் நின்றோம்.
சாம்பவி என்ற பெயரை அன்றைக்குத்தான்
கட்டடம் முழுவதும் பிழையில்லாமல் உச்சரித்தது.
அடுத்த கிழமை நாலு பேர் வந்து கேட்டார்கள்,
அது என்ன, நல்ல வாசமாய் இருந்ததே என்று.
சரி, தாளி.
ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளி.

விடுமுறைக்கு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.
தண்டர் பேயிலிருந்து பஸ் பிடித்தால்
போய்ச் சேரவே லீவு முடிந்துவிடும் எனக்கு.
உடுப்பைத் துவைக்கப் போட்டுவிட்டு
ஏரிக்கரைக்கு நடந்தேன்.
தண்ணீருக்கு அப்பால் மல்லாந்து கிடக்கிற மலையை
உறங்கும் இராட்சதன் என்பார்கள் இங்கே.
அவனை ஒருவரும் எழுப்பவில்லை,
அடுத்து என்ன ஆகப்போகிறாய் என்று கேட்கவில்லை.
வெகுநேரம் நின்றேன்.
திரும்பி வரும்போது என் ஈர உடுப்பை
யாரோ எடுத்து மேசையில் குவித்திருந்தார்கள்,
ஒரு காலுறை குறைந்தது.

ஜனவரியில் பொறியியலை விட்டுக் காட்டியலுக்கு மாறினேன்.
போனில் அம்மா நெடுநேரம் பேசவில்லை.
பிறகு, "மரத்தைப் படிச்சு..." என்றார்.
அந்த வசனத்துக்கு இன்னும் பயனிலை வரவில்லை.
நான் காத்திருக்கிறேன், அவரும்தான்.

கீழ் லாச்சி சிக்கும், சற்றுத் தூக்கி இழு.
கேத்தல் உனக்கு. மிளகாய்த்தூள் போத்தலும்,
மூடியைத் தொலைத்துவிட்டேன்.
கட்டிலுக்கு மேலே சுவரில் ஓர் ஆணித்துளை இருக்கிறது.
இருபத்தைந்து டொலர் தண்டம் கட்டி வாங்கிய துளை.
வீணாக்காதே,
எதையாவது மாட்டு.