கப்பி சுற்றுகிறது

ட்ராவ்னிக்கிலிருந்து டூர்பேக்கு ரொட்டி ஏற்றிப் போகையில்
முள் தொண்ணூறைத் தாண்டி ஏறியது.
ஹீட்டரைத் திறந்தேன்.
வந்தது ஜனவரிக் காற்று.

எஞ்சின் கொதிக்கிறது, என் கால் விறைக்கிறது.
இரண்டுக்கும் நடுவே ஒரு தகரம்தான்.

ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி,
பனி மேலே விழ விழத் தொட்டுப் பார்த்தேன்.
மேல் குழாய் சுட்டது, கையை உதறினேன்.
கீழ்க் குழாய், லாஷ்வா ஆற்றில் கிடந்த கல்.
கூலன்ட் குறையவில்லை. எங்கும் ஒழுக்கில்லை.
பின்னால் நாற்பது ரொட்டியும் ஆறிக்கொண்டிருந்தன.

“ஹெட் கேஸ்கட் போயிருக்கும்” என்றான் ஷெவ்கோ,
எட்டிக்கூடப் பார்க்காமல்.
பெட்ரோல் பங்க் ஆன்டோவும் அதையே சொன்னான்.
வாயிலிருந்த சிகரெட்டை எடுக்காமலே நியாஸும்.
எங்கள் தெருவில் எல்லாமே தலை போகிற காரியம்தான்.
டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினேன்:
எண்ணெய் கறுப்பாகத்தான் இருக்கிறது, பால் கலக்கவில்லை,
சைலன்ஸரில் வெள்ளைப் புகையும் இல்லை.
“பொறு, வரும்” என்றான் ஷெவ்கோ
மழையைச் சொல்வதுபோல.

ஞாயிற்றுக்கிழமை தெர்மோஸ்டாட்டைக் கழற்றி
காப்பிக் குவளையில் போட்டுக் கொதிக்க வைத்தேன்.
எண்பத்தேழில் வாய் திறந்தது,
நான் கேட்டதற்காக மட்டும் திறப்பதுபோல் மெல்ல.
அதன்மேல் குற்றமில்லை.
குவளையின் பிடியில் சிவப்பு நூல் கட்டி வைத்தேன்,
இனி யாரும் அதில் காப்பி போடக்கூடாது.

காற்று அடைத்திருக்குமோ என்று
முன்சக்கரங்களை மேட்டில் ஏற்றி
ஹீட்டர் குழாயைப் பிசைந்தேன், மடி கறப்பதுபோல.
தொட்டியில் இரண்டு குமிழி.
மூன்றாவதற்குக் காத்திருந்தேன்.
எவ்வளவு முடுக்கியும்
திரும்பி வரும் சின்னக் குழாயில் ஒரு சொட்டு இல்லை.

மிச்சம் பம்ப்.
பெல்ட் இறுக்கமாக இருக்கிறது. கப்பி சுற்றுகிறது.
முனகல் இல்லை, ஆட்டம் இல்லை.
சுற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகு
யார் அதைக் கழற்றுவார்கள்?
இரண்டு நாள் நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கழற்றினேன். ஒரு போல்ட் தலை உடைந்து உள்ளேயே தங்கியது.
இடக்கையில் கப்பியை இறுக்கிப் பிடித்து
வலக்கைச் சுண்டுவிரலால் உள்விசிறியைத் தள்ளினேன்.
சுழன்றது.
கப்பி அசையவே இல்லை, விசிறி மட்டும்
திருவிழாக் காற்றாடியாய்ச் சுழன்றது.
பிளாஸ்டிக். குடத்தில் மயிரிழை விரிசல்.
தண்டு ஒரு வழி, இறக்கை ஒரு வழி.
எத்தனை நாள் தண்ணீருக்குள் சும்மா நின்றதோ,
வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு
பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பவனைப்போல.

“எந்தத் திருடன் இதை விற்றான்?” என்றான் ஷெவ்கோ,
கையில் வாங்கி உருட்டிப் பார்த்து.
விட்டெஸ் சந்தை, ஆறு வருஷத்துக்கு முன்.
இரும்பு இறக்கை நாற்பது மார்க், பிளாஸ்டிக் இருபத்திரண்டு.
மழையில் நின்று பேரம் பேசி
இருபதுக்கு முடித்தவள் நான்.
மிச்சம் பிடித்த இரண்டு மார்க்கில்
வழியெல்லாம் வறுத்த கஷ்கொட்டை தின்றுகொண்டு வந்தேன்.

அதை அவனிடம் சொல்லவில்லை.
“திருடன்தான்” என்றேன்.

புதன்கிழமை, விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
முள் தொண்ணூறில் வந்து நின்றது, நகரவில்லை.
ஹீட்டரிலிருந்து முதலில் பழைய தூசியின் வாடை,
பிறகு சூடு.
டூர்பே வரை
பூட்ஸைக் கழற்றிவிட்டு ஓட்டினேன்.