முள்ளோடைக்கு அடியில்

காலையில் கடலூர், மஞ்சக்குப்பம் கிளை.
மதியம் புதுச்சேரி, முதலியார்பேட்டை தலைமை அலுவலகம்.
நடுவில் பெண்ணையாறு, இரண்டு சர்க்கார்,
முள்ளோடையில் ஒரு சோதனைச்சாவடி.
இரண்டையும் ஒரே அலுவலகமாக்க வேண்டுமாம்.
கேபிள் எவ்வளவு ஆகும் என்றார் சவரிராயன் சார்.
கேபிள் இல்லை சார்,
இருக்கிற இண்டர்நெட்டுக்குள்ளேயே
நமக்கு மட்டும் ஒரு சுரங்கம்.
சுரங்கம் என்றதும் அவர் தரையைப் பார்த்தார்.

தகராறு எண்களில்தான்.
இரண்டு ஊரிலும் அதே வரிசை:
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு, ஒன்று.
ஒரே பெயரில் இரண்டு தெரு இருந்தால்
தபால்காரர் எந்தக் கதவைத் தட்டுவார்?
யாராவது மாறவேண்டும்.
கிளை மாறியது. கிளைதான் எப்போதும் மாறும்.
ஒன்றை அழித்து இரண்டு என்று
மேசை மேசையாகக் குனிந்து போட்டு வந்தேன்.
அஞ்சலாட்சி செருப்பை நகர்த்தி இடம் விட்டார்.
பதினோரு வருஷமாக அதே மேசையாம்.

சாவி முப்பத்திரண்டு எழுத்து.
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி எடுத்து வந்ததில்
வேர்வை ஒன்றைத் தின்றிருந்தது.
எட்டா, பி-யா?
நான்கு முறை தப்பு.
பி.

மூன்றரைக்குப் பச்சை விளக்கு.
இங்கே கூப்பிட்டால் அங்கிருந்து பதில்
பதினெட்டு மில்லிசெகண்டில்.
எச்சிலை விழுங்கக்கூட அதைவிட நேரமாகும்.

அப்போது முதுகுக்குப் பின்னால்
பிரிண்டர் விழித்துக்கொண்டது.
இங்கே யாரும் எதையும் அனுப்பவில்லை.
ஒரே தாள்.
'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி
'இம்மாதம் முப்பதாம் தேதியோடு' என்று போய்
அஞ்சலாட்சி என்று முடிந்திருந்தது.
பெயருக்கு மேலே
கையெழுத்துக்கு விட்ட வெள்ளை.

அவர் கணினியில் நான் மாற்ற மறந்த ஒரே எண்.
நேற்றுவரை அந்த எண்ணில் இருந்தது
அவருடைய ஜன்னலோரத்துப் பிரிண்டர்.
இன்றைக்கு அதே எண்
சுரங்கத்துக்கு இந்தப் பக்கம்,
சாருடைய டீ கிளாஸுக்கு ஒரு முழம் தள்ளி.

சார் போனில் இருந்தார்.
மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.
கையெழுத்தில்லாத கடிதம்
இன்னும் கடிதம் ஆகவில்லை.

ஆறு மணி பஸ்.
சாவடியில் போலீஸ் ஏறிப்
பையைத் தட்டிப் பார்த்தார்.
பாட்டில் கீட்டில்?
பேப்பர்தான் சார்.
விட்டுவிட்டார்.

பெண்ணையாற்றுப் பாலத்தில்தான் தோன்றியது.
தாள் வரவில்லையென்றால்
யாராக இருந்தாலும்
மறுபடி ஒருமுறை அழுத்துவார்கள்.