ஒன்றரை எம்.எம்.

‘தையல்நாயகி லேத் ஒர்க்ஸ்’ என்ற பலகையைப் பார்த்து
ரவிக்கைத் துணியோடு வருகிறவர்கள் இன்னும் உண்டு.
எதிர்க்கடைக்கு அனுப்பிவைப்பேன்.
சவுரிராஜன் சரியாகத்தான் வந்தான்,
ஆயக்காரன்புலத்திலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு,
லாரியில் கழற்றிய டர்போவை
உரச்சாக்கில் சுற்றி மடியில் வைத்தபடி, பஸ்ஸில்.

ஆர்.சி. புத்தகத்தில் நாற்பத்தேழு குதிரை.
அவனுக்கு நூற்றிப்பத்து வேண்டுமாம்.
சேற்றில் ட்ரெய்லர் இழுக்கும் போட்டி,
பரிசு ஒரு புல்லட்.

மேசையில் மூன்று ஹெட் கேஸ்கட்டை விரித்தேன்.
கிராஃபைட் பூசியது. கறுப்பு, மெத்து.
மேடுபள்ளத்தை மன்னிக்கும்,
அழுத்தம் ஏறினால்
இரண்டு சிலிண்டருக்கு நடுவே
சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத இடத்தில்
தானே எரிந்து வழிவிடும்.
அடுத்தது செம்பு.
அவன் கண் அங்கேயே நின்றுவிட்டது.
மூன்றாவது எஃகு, மூன்று அடுக்கு,
சுண்டினால் சன்னமாகப் பேசும்.

“செம்புதான்க்கா. போட்டிக்கு எல்லாரும் அதான்.”
“எவ்வளவு நேரம் இழுக்கணும்?”
“பத்தொன்பது செகண்ட்.”
“அதுக்கப்புறம்?”
டர்போவின் இறக்கையை விரலால் சுற்றிவிட்டான்.
அது நின்ற பிறகு சொன்னான்:
“குறுவைக்குத் தொளி அடிக்கணும்.
ஆறு மா நம்மது. மிச்சம் வாடகைக்கு.”

பத்தொன்பது செகண்டுக்குச் செம்பு போதும்.
ஒன்பது மணி நேரத்துக்கு அது
ஓரத்தில் தண்ணீர் கசியும்,
அழுவதை மறைக்கத் தெரியாத ஆள் மாதிரி.

“ரேடியேட்டருக்கு என்ன தண்ணி ஊத்துற?”
“போர் தண்ணி.”
“நீ குடிப்பியா?”
“மாடே குடிக்காது.”

அதைத்தான் பிளாக்கும் சொன்னது.
தண்ணீர்க் கண்களைச் சுற்றி உப்பு அரித்த குழிகள்,
வரப்பில் நண்டு வளை போல.
வெள்ளத்தைத் திட்டுவோம்;
உடைத்தது நண்டாக இருக்கும்.
இதன்மேல் எஃகு உட்காராது.
எஃகுக்குக் கண்ணாடி வேண்டும்,
நகத்தால் கீறினால் நகம் வழுக்கவேண்டும்.

சீவினேன். கால் எம்.எம். போனபிறகுதான்
கடைசிக் குழி மறைந்தது.
ஆனால் பிளாக் குள்ளமானால்
பிஸ்டன் ஹெட்டை நெருங்கும்,
அழுத்தம் கூடும்,
டர்போ வேறு மேலே கொண்டுவந்து கொட்டும்.
எடுத்த கால் எம்.எம்.மைக்
கேஸ்கட்தான் திருப்பித் தரவேண்டும்.
ஒன்றேகால் இல்லை, ஒன்றரை.
கும்பகோணத்துக்குப் போன் போட்டேன்.
நான்கு நாள் என்றார்கள், ஒன்பதாம் நாள் வந்தது.

“போகவே போகாத கேஸ்கட் எதுக்கா?”
“அப்படி ஒண்ணு போட்டா பிஸ்டன் போகும்.
பிஸ்டன் கெட்டின்னா ராடு.
எது முதல்ல விடணும்னு இப்பவே சொல்லிடு.”
அவன் யோசிக்கவில்லை, விலை கேட்டான்.
சொன்னதும் யோசித்தான்.
தொண்ணூறு குதிரைக்கு இறங்கிவந்தான்.
புல்லட் வேண்டாமா என்று நான் கேட்கவில்லை.

பழைய போல்ட்டெல்லாம் இழுபட்டுத் தளர்ந்தவை, வீசினோம்.
புது ஸ்டட். நடுவிலிருந்து வெளியே முறுக்கினேன்,
நாற்பது, எண்பது, நூற்றிருபது.
ஒவ்வொரு ‘கிளிக்’குக்கும்
அவன் உதடு எண்ணியது.
ஒருபக்கம் தீ, ஒருபக்கம் தண்ணீர்,
இடையில் எண்ணெய் போகும் கண்.
மூன்றும் ஒன்றையொன்று பாராமல் இருக்க
நடுவில் இந்தத் தகடு. அவ்வளவுதான் என் தையல்.

மேட்டூர் திறந்து பதினோரு நாள்.
முள்ளியாற்றில் இன்னும் ஆடுதான் மேய்கிறது.
கடைமடைக்காரனுக்கு அவசரமில்லை என்று
சவுரி தானே சொல்லிச் சிரித்துக்கொண்டு
சாவியைத் திருப்பினான்.

இருமியது. பிடித்தது.
கடைக் கூரையின் தகரம் அதிர்ந்தது.
அவன் புகையைப் பார்த்தான்.
நான் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து
உள்ளே குனிந்தேன்.
தீ தப்பித்தால் முதலில் இங்கேதான்
குமிழியாக வந்து சேரும்.

“என்னக்கா?”
“பேசாம இரு.”

தண்ணீர் நடுங்குகிறது.
என் முகமும் அதில் நடுங்குகிறது.
குமிழி இல்லை.
ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லிக்
கை காட்டுகிறேன்.